அகலமான வீல்சேர்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடல் எடை அதிகமுள்ள ஒருவருக்கு வீல்சேர் வாங்கப் போனால், எல்லோரும் முதலில் தேடுவது 'எத்தனை கிலோ தாங்கும்' என்ற ஸ்டிக்கரைத்தான். அது தேவைதான். ஆனால் ஆசையாக வாங்கிய நாற்காலி வராந்தாவில் துணி காயப்போடும் இடமாகிவிடுவதற்கு வேறு காரணங்கள் இருக்கும்: பாத்ரூம் கதவு, வாசற்படி, தள்ளுகிறவரின் முதுகு. இவற்றைக் கடையில் யாரும் கேட்பதில்லை. கீழே உள்ள பதில்கள் வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களையும், நாற்காலியில் உட்காரப் போகிறவரையும் மனதில் வைத்து எழுதியவை.

சாதாரண வீல்சேருக்கும் பேரியாட்ரிக் (உடல் எடை மிக அதிகமுள்ளவர்களுக்கான) வீல்சேருக்கும் என்ன வித்தியாசம்? அகலம் மட்டும்தானா?

சர்ஜிகல் கடைகளில் கிடைக்கும் சாதாரண மடக்கு வீல்சேரின் இருக்கை 18 அங்குல அகலம் இருக்கும். தாங்கும் எடை பெரும்பாலும் 100 கிலோவிலிருந்து 113 கிலோ வரை. அதற்கு அடுத்து 20, 22 அங்குலத்தில் 'ஹெவி டியூட்டி' என்று விற்பவை வருகின்றன. பல மாடல்கள் 150, 160 கிலோ வரை தாங்கும். பேரியாட்ரிக் என்று சொல்லப்படுபவை 22 அங்குலத்தில் தொடங்கி 30 அங்குலம் வரை போகும். 200 கிலோ தாங்குபவை உண்டு, 300 கிலோவைத் தாண்டுபவையும் உண்டு.

அகலம் கண்ணுக்குத் தெரிவது. தெரியாத மாற்றங்கள் அடியில் இருக்கின்றன. இருக்கைக்குக் கீழே பெருக்கல் குறி மாதிரி ஒரு குறுக்குச் சட்டம் இருக்கிறதே, அது இவற்றில் இரட்டையாக இருக்கும். குழாய் தடிமன் கூடும், முன்சக்கரம் அகலமாக இருக்கும், இருக்கைத் துணியும் பல அடுக்காகத் தைக்கப்பட்டிருக்கும். அதனால் நாற்காலியே 25, 30 கிலோ எடை வந்துவிடும். கடையில் நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். இருக்கையை மட்டும் அகலமாக்கி, ஒற்றைக் குறுக்குச் சட்டத்தோடு விற்கும் நாற்காலியும் சந்தையில் கிடைக்கும்.

அப்பா 125 கிலோதான். 18 அங்குல நாற்காலியில் எப்படியோ உட்கார்ந்துவிடுகிறார். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மாற்ற வேண்டும். 125 கிலோ என்பது அந்த நாற்காலியின் வரம்பைத் தாண்டிய எடை. முதல் நாளே முறிந்துவிடாது; அதனால்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். வீல்சேரின் உறுதியைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 7176-8 தர முறையில், நாற்காலியை உருளைகள் மேல் 2,00,000 சுற்றுகள் ஓடவிடுவார்கள். பிறகு சிறு உயரத்திலிருந்து 6,666 முறை விழவிடுவார்கள். உலோகம் ஒரே அடியில் உடைவதைவிட, ஒவ்வொரு வாசற்படியிலும் தட்டித் தட்டிக் களைத்து உடைவதுதான் அதிகம் என்பதால் இப்படி ஒரு சோதனை. வரம்புக்கு மேல் எடை ஏற்றினால் அந்தக் களைப்பு சீக்கிரம் வரும், எங்கே வரும் என்று சொல்ல முடியாது.

'எப்படியோ உட்கார்ந்துவிடுகிறார்' என்பதையும் கொஞ்சம் பாருங்கள். பக்கத் தகடு தொடையை அழுத்தினால் அங்கே புண் வரும். சர்க்கரை நோய் இருந்தால் அந்தப் புண் ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எடையே சரியாகத் தெரியவில்லை. வீட்டு மெஷினில் எரர் காட்டுகிறது.

வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் 150 அல்லது 180 கிலோவோடு நின்றுவிடும். நிற்க முடிகிறவர் என்றால் ஒரே மாதிரியான இரண்டு மெஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலை வைத்து நிற்கட்டும். இரண்டு எண்ணையும் ஒரே நேரத்தில் படித்துக் கூட்டினால் எடை வந்துவிடும். பிடித்துக்கொள்ள ஆள் பக்கத்தில் நிற்கலாம், ஆனால் தாங்கிப் பிடித்தால் எடை குறைத்துக் காட்டும்.

நிற்க முடியாதவர் என்றால் டயாலிசிஸ் பிரிவு உள்ள மருத்துவமனையில் கேளுங்கள். நாற்காலியோடு ஏற்றி எடை பார்க்கும் மேடைத் தராசு பல இடங்களில் இருக்கும். 'அரிசி மண்டி தராசில் ஏற்றிப் பார்க்கலாமே' என்று யாராவது யோசனை சொல்வார்கள். கணக்கு சரியாக வரும்தான், ஆனால் நாலு பேர் நின்று வேடிக்கை பார்க்கும் இடத்தில் ஒருவரை மூட்டைபோல் நிறுத்துவதை நான் சொல்லமாட்டேன்.

கிடைத்த எண்ணோடு மெத்தை, பை, ஆக்சிஜன் சிலிண்டர் இவற்றின் எடையையும் சேர்த்து, அதற்கு மேலும் ஒரு 20, 25 கிலோ இடம் விட்டு நாற்காலியைத் தேர்ந்தெடுங்கள். 148 கிலோ உள்ளவருக்கு 150 கிலோ நாற்காலி என்பது சரியான தேர்வு ஆகாது.

உடல் அளவை எப்படி எடுப்பது? ஜவுளிக்கடை நாடா போதுமா?

நாடா போதும், ஆனால் எங்கே உட்காரவைத்து எடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். சோபாவிலோ மெத்தையிலோ எடுக்காதீர்கள். உடல் அமுங்கி அளவு மாறும். பலமான மர பெஞ்சில், தொடை முழுதும் படும்படி உட்காரவைக்கவும். இரண்டு பக்கமும் ஒரு அட்டையையோ பலகையையோ செங்குத்தாக உடலை ஒட்டி நிறுத்தி, அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்கவும். உடல்மேல் நாடாவைச் சுற்றி எடுப்பது சுற்றளவு. அது இங்கே உதவாது.

எங்கே அகலம் அதிகம் என்று பாருங்கள். சிலருக்கு இடுப்பு. சிலருக்குத் தொடை வெளிப்பக்கமாக விரிந்து முழங்காலுக்குப் பக்கத்தில்தான் அகலம் கூடும். வயிறு முன்னே தள்ளி இருந்தால் முழங்கால்கள் சேராமல் விலகியே நிற்கும். எது அதிகமோ அந்த அளவோடு இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம் கூட்டினால் போதும்.

ஆழம், அதாவது முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள நீளம், பலர் தவறவிடும் அளவு. பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்காலின் பின்பக்கம் வரை அளந்து இரண்டு அங்குலம் கழிக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எடை அதிகமுள்ள பலருக்கு இடுப்புக்குக் கீழே சதை பின்னால் தள்ளியிருக்கும். நேரான முதுகுத் துணியில் அந்தச் சதை முதலில் முட்டிக்கொள்ள, மேல் முதுகு சாய இடமில்லாமல் அந்தரத்தில் நிற்கும். உட்கார்ந்தவர் முன்னே சரிந்து சரிந்து வருவார். வீட்டில் உள்ளவர்கள் 'நேரா உட்காருங்க' என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவர்மேல் குற்றமில்லை. பின் சதைக்கு இடம் விட்டு முதுகுப் பகுதியை முன்பின் நகர்த்தக்கூடிய மாடலா என்று கேளுங்கள். பட்டைகளைத் தளர்த்தி இறுக்கும் வகை முதுகு இதற்கு நல்லது.

மூன்றாவது, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரையிலான உயரம். மெத்தை போட்டால் இருக்கை இரண்டிலிருந்து நான்கு அங்குலம் உயரும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். காலால் தரையை உதைத்து நகர்கிறவர் என்றால் பாதம் முழுதாகத் தரையில் படியும் உயரம் வேண்டும்.

கால் வீக்கம் உள்ளவர்களுக்கு, யானைக்கால் நோயால் வந்த வீக்கமோ நீர் கோப்பதோ எதுவானாலும், அளவை மாலையில் எடுங்கள். காலையில் எடுத்த அளவு பொழுது சாயும்போது பொருந்தாது.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கிவிட்டால்?

பள்ளிச் சீருடை வாங்குகிற அதே புத்தி! இங்கே அது பலிக்காது. இடம் அதிகமானால் உடல் ஒரு பக்கம் சாயும், இடுப்பு எலும்பு ஒரு பக்கமே அழுந்தும். கையால் தானே உருட்டுகிறவருக்குச் சக்கரம் தள்ளிப் போய்விடும். தோளை அகட்டி அகட்டித் தள்ளி, தோள் வலி வந்து, கடைசியில் இன்னொருவர் தள்ள வேண்டியிருக்கும். கூடுகிற ஒவ்வொரு அங்குலமும் கதவில் வந்து நிற்கும். எடை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு குறையப் போகிறது என்றால் சில மாதம் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

எங்கள் வீட்டுக் கதவில் நுழையுமா?

கடைக்குப் போகும் முன் இந்தக் கேள்விக்குத்தான் விடை வேண்டும். கையால் உருட்டும் பெரிய சக்கர நாற்காலியில் மொத்த அகலம் என்பது இருக்கையின் அகலத்தோடு ஏறக்குறைய எட்டு அங்குலம் கூட. 24 அங்குல இருக்கை என்றால் வெளியே 32 அங்குலம். அதற்கு மேல் விரல் முட்டி உரசாமல் இருக்க ஓர் அங்குலமாவது வேண்டும்.

இப்போது வீட்டைப் பாருங்கள். தலைவாசல் மூன்றடி, மூன்றரை அடி இருக்கும், கவலையில்லை. படுக்கையறை மூன்றடி என்றால் இழுபறி. பாத்ரூம் கதவு இரண்டரை அடி என்று கொத்தனார் சொல்வது பல வீடுகளில் நிலையின் வெளி அளவு; உள்ளே நிஜமாகக் கிடைப்பது 25, 26 அங்குலம்தான். கதவை முழுக்கத் திறந்துவிட்டு, கதவின் முகத்திலிருந்து எதிர் நிலை வரை அளந்தால் உண்மை தெரியும். நம் ஊர் அரசு வழிகாட்டு நெறிகள் பொதுக் கட்டடங்களில் 90 செ.மீ. தடையற்ற அகலம் கேட்கின்றன. வீடுகளில் அப்படிக் கட்டியவர்கள் குறைவு.

நுழையவில்லை என்றால் உடனே சுவரை இடிக்க வேண்டாம். கதவைக் கழற்றிவிட்டுத் திரையோ மடிப்புக் கதவோ போட்டால் ஓர் அங்குலத்துக்கு மேல் கிடைக்கும். கதவை வாசலுக்கு வெளியே முழுதாக ஒதுக்கும் தள்ளுக் கீல் போட்டாலும் கிட்டத்தட்ட அதே லாபம். தானே உருட்டாதவர் என்றால், நான்கும் சிறு சக்கரமாக உள்ள, பின்னாலிருந்து தள்ளும் வகையைப் பாருங்கள். அதே இருக்கைக்கு மொத்த அகலம் சில அங்குலம் குறையும். இதெல்லாம் போதாதபோதுதான் நிலையைப் பெயர்த்து அகலமாக்குவது. அப்போதும் மேலே லிண்டல் (நிலைக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் சட்டம்) எதுவரை போகிறது என்று பார்த்துவிட்டே இடிக்கச் சொல்லுங்கள்.

நுழைந்தால் மட்டும் போதாது, திரும்பவும் வேண்டும். சாதாரண வீல்சேர் ஒரு சுற்றுத் திரும்ப ஐந்தடி விட்டம் என்று கணக்கு. அகலமானதற்கு ஆறடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே அந்த இடம் இருக்கிறதா? எளிய வழி: நாற்காலியின் வெளி அளவுக்கு அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி எடுத்து, அதைத் தரையில் நகர்த்தி வீடு முழுக்க ஒரு சுற்று வாருங்கள். எங்கே இடிக்கும் என்று காசு கொடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

உட்கார்ந்திருக்கும்போது நாற்காலி முன்பக்கமோ பின்பக்கமோ கவிழுமா?

கவிழும், இரண்டு பக்கமும். எடை எங்கே சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து. வயிறும் கால்களும் கனமாக இருப்பவருக்குப் பாரம் முன்னே வரும். வீங்கிய காலைத் தூக்கி நீட்டிவைக்கும் கால்தாங்கி போட்டால் இன்னும் முன்னே போகும். இடுப்பும் பின்பக்கமும் கனமானவருக்குப் பாரம் பின்னே. நல்ல பேரியாட்ரிக் நாற்காலிகளில் பின்சக்கர அச்சை முன்னும் பின்னும் மாற்றிப் பொருத்தத் துளைகள் இருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டியது கடைக்காரர் அல்ல, பிசியோதெரபிஸ்ட்டோ, அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோ பார்த்துச் சொல்ல வேண்டும். பின்னால் கவிழாமல் தடுக்கும் சிறு சக்கரங்கள் கட்டாயம் வேண்டும். வாசற்படியில் இடிக்கிறது என்று அவற்றைக் கழற்றி எறிகிறார்கள். படியைத்தான் சரிசெய்ய வேண்டும்.

கால்தாங்கித் தகட்டின்மேல் நின்று எழுந்திருக்கவே கூடாது. மொத்த எடையும் முன்சக்கரத்துக்கு முன்னால் வந்துவிடும், நாற்காலி தலைகுப்புற வரும். கீழே கிடக்கும் ரிமோட்டைக் குனிந்து எடுப்பதும் அதே கதைதான். எடுத்தே ஆக வேண்டும் என்றால் நாற்காலியைக் கொஞ்சம் பின்னே உருட்டி நிறுத்துங்கள். முன்சக்கரங்கள் முன்பக்கமாகத் திரும்பி நிற்கும், தாங்கும் நீளம் கூடும். இரண்டு பிரேக்கும் போட்டு, பாதத்தைத் தரையில் ஊன்றி, பிறகு குனியலாம். ஒரு நீளக் கிடுக்கி வாங்கிவைத்தால் இந்தச் சர்க்கஸே வேண்டாம்.

வாசலில் இரண்டு படி. சாய்தளம் எவ்வளவு நீளம் வேண்டும்?

ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம், அதாவது 1:12. ஆறு அங்குலப் படி இரண்டு என்றால் 12 அடி. கேட்டதும் எல்லோரும் மலைப்பார்கள். 'ஆறடியில் போட்டுக்கொடுத்துவிடுகிறேன்' என்று கொத்தனார் சொல்வார். அவர் பைக் ஏற்றும் சாய்வை நினைத்துச் சொல்கிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 கிலோ உள்ளவர், 30 கிலோ நாற்காலி, மொத்தம் 180. 1:12 சாய்வில் இதை மேலே தள்ள, சரிவுக்கு மட்டும் 15 கிலோ அளவுக்கு விசை வேண்டும். சக்கர உராய்வு தனி. சாய்வை 1:6 ஆக்கினால் 30 கிலோ. அதுவும் ஒரு நொடி இல்லை, மேலே போய்ச் சேரும்வரை விடாமல். நடுவில் மூச்சு வாங்க நின்றால், அந்தப் பாரம் உங்கள்மேல் திரும்பி வரும். அறுபது வயது அம்மாவே அப்பாவைத் தள்ளுகிற வீட்டில் இது நடக்கிற காரியமா?

இடமில்லை என்றால் சாய்தளத்தை 'ட' வடிவில் திருப்பலாம், திரும்பும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடியாவது சமதளம் விட்டு. இரண்டு ஓரத்திலும் சக்கரம் நழுவாதபடி சிறு திண்டு, கைப்பிடி. மேல்பூச்சைச் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள். மழுமழுப்பான டைல்ஸ் மழைநாளில் சறுக்கும். கழற்றி மாட்டும் அலுமினியச் சாய்தளம் வாங்கினால் ஆள், நாற்காலி, தள்ளுகிறவர் மூன்று எடையையும் கூட்டி அதன் வரம்போடு ஒப்பிடுங்கள். ஆள் எடையை மட்டும் பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, தள்ளுகிறவர் கீழ்ப்பக்கம் இருந்து பின்னோக்கி நடந்து இறக்க வேண்டும். எடை கூடினால் இரண்டு பேர்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறோம். சரிதானே?

சரியில்லை. அக்குளில் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு விலகலாம், பக்கவாதம் வந்த கையாக இருந்தால் இன்னும் சுலபமாக. தூக்குகிறவரின் முதுகும் போகும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், நோயாளியைக் கையால் தூக்குவதற்கு வகுத்த வரம்பு 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ. மனித உடலில் ஒரு கால் மட்டுமே மொத்த எடையில் ஆறில் ஒரு பங்கு வரும். 150 கிலோ உள்ளவரின் ஒரு காலே 24, 25 கிலோ. காலைத் தூக்கி வைப்பதே வரம்பை மீறிய வேலை என்றால், ஆளைத் தூக்குவதைப் பற்றி என்ன சொல்ல?

கொஞ்சமாவது நிற்க முடிகிறவருக்கு: நாற்காலியைக் கட்டிலுக்குச் சாய்வாக, நல்ல கை இருக்கும் பக்கமாக நிறுத்துங்கள். இரண்டு பிரேக், கால்தாங்கிகளை ஒதுக்குவது, கட்டில் பக்கக் கைப்பிடியைக் கழற்றுவது, இவையெல்லாம் முடிந்த பிறகே அவரை அசைக்க வேண்டும். கட்டிலும் இருக்கையும் ஒரே உயரத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கட்டில் தாழ்வு என்று காலுக்குக் கீழே ஹாலோ பிளாக் அடுக்காதீர்கள். கால் உட்காரக் குழி வைத்த மரக்கட்டையைத் தச்சரிடம் செய்து வாங்குங்கள்.

நிற்க முடியாதவருக்கு நகர்த்தும் பலகை, அதற்கு மேல் தூக்குக் கருவி. அவற்றுக்கும் எடை வரம்பு உண்டு, தொங்கும் தூளித் துணிக்குத் தனி வரம்பு உண்டு. எது குறைவோ அதுதான் மொத்தத்தின் வரம்பு. வாங்கும் முன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். தூக்குக் கருவியின் கால்கள் கட்டிலுக்குக் கீழே நுழைய நான்கைந்து அங்குல இடைவெளி வேண்டும். சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில் என்றால் நுழையவே நுழையாது. கருவி வீட்டுக்கு வந்த பிறகு இது தெரிந்தால் கட்டிலையும் மாற்ற வேண்டியதுதான்.

எந்த மெத்தை போடலாம்? தலையணை போதாதா?

போதாது. தலையணையும் சாதாரண ஸ்பாஞ்சும் அந்த எடையில் அப்பளமாகிவிடும். அடர்த்தியான ஃபோம், ஜெல், காற்று அறைகள் உள்ளவை என்று மூன்று வகை கிடைக்கின்றன. எதுவானாலும் அவர் எடைக்கு உரியதாகவும், இருக்கையின் அகலத்துக்குச் சரியாகவும் இருக்க வேண்டும். அவர் உட்கார்ந்திருக்கும்போது மெத்தைக்கு அடியில் உள்ளங்கையைச் செருகிப் பாருங்கள். எலும்பு நேராகக் கையில் தட்டுப்பட்டால் மெத்தை வேலை செய்யவில்லை. துணி இருக்கை நாளடைவில் தூளிபோல் தொய்ந்தால், அதன்மேல் கடினப் பலகைத் தளம் ஒன்று வைத்து மெத்தையைப் போடுவது நல்லது.

என்ன மெத்தை போட்டாலும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை பாரத்தை மாற்ற வேண்டும். வயிறு பெரிதானவருக்கு முன்னே குனிவது கஷ்டம். கட்டில் பக்கமோ மேசைப் பக்கமோ சாய்ந்து, ஒரு பக்கப் பிட்டத்தை இரண்டு நிமிடம் தளர்த்தினால் போதும். நம் வெயிலில் அடிவயிற்று மடிப்பு, தொடையிடுக்கு எல்லாம் ஈரமாகவே கிடக்கும். குளித்ததும் நன்றாகத் துடைத்து, மடிப்பில் மெல்லிய பருத்தித் துணி வைக்கலாம். தினமும் ஒருமுறை பிட்டத்தையும் குதிகாலையும் பாருங்கள். சிவந்த இடம் அழுத்தம் எடுத்து அரை மணி நேரம் கழித்தும் மாறவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டால் சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

புடவை, வேட்டி கட்டுகிறவர்களுக்கு ஏதாவது தனிக் கவனம்?

முந்தானையும் வேட்டிக் கரையும் சக்கரக் கம்பியில் சிக்கும். இருக்கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே துணித்தடுப்பு உள்ள நாற்காலியாக வாங்குங்கள். முந்தானையை இடுப்பில் செருகிவிடுங்கள். முன்சக்கர அச்சில் நூலும் தலைமுடியும் சுற்றிக்கொள்ளும். மாதம் ஒருமுறை வெட்டி எடுக்காவிட்டால் சக்கரம் திணறும்.

பாத்ரூமுக்கு இதே நாற்காலியைக் கொண்டுபோகலாமா?

வேண்டாம். தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும், ஈரத் தரையில் பிரேக் போட்டாலும் டயர் வழுக்கும். குளிக்கவும் கழிக்கவும் தனியாக அகலமான கமோடு நாற்காலி, அதன் எடை வரம்பைப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் ஸ்டூல், பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் இங்கே கூடவே கூடாது. அதன் கால் விரிந்து உடைவதற்கு முன் எந்த எச்சரிக்கையும் தராது. கைப்பிடிக் கம்பியை டைல்ஸில் மட்டும் திருகிவிட்டுப் போகாமல் செங்கல் சுவர் வரை போல்ட் இறங்குகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

வெளியே, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும்போது?

அடுக்குமாடி லிஃப்டில் 'ஆறு பேர், 408 கிலோ' என்று எழுதியிருக்கும். ஆளுக்கு 68 கிலோ என்ற கணக்கு. எடை பொதுவாகப் பிரச்சினை இல்லை, கதவுதான் பிரச்சினை. பல பழைய லிஃப்ட்களில் கதவுத் திறப்பு 70 அல்லது 80 செ.மீ. மட்டுமே. 32 அங்குல நாற்காலி 81 செ.மீ.

காரில் ஏற்ற மடக்கு மாடல் வேண்டும், அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். பக்கச் சக்கரம் கழலும் வகை என்றால் கழற்றிவிட்டுத் தூக்கலாம். ஸ்கேன் எடுக்கப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே ஃபோனில் கேட்டுவிடுங்கள்: மேசை எத்தனை கிலோ தாங்கும், அகலமான ஸ்ட்ரெச்சர் இருக்கிறதா, கழிவறைக் கதவு எவ்வளவு. அங்கே போய் ஏற்றி இறக்கிய பிறகு 'எங்க மெஷின் தாங்காது சார்' என்று எல்லோர் முன்னாலும் கேட்பது உடல் வலியைவிட மோசமானது.

அம்மா வீல்சேரில் வெளியே வரவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

காரணம் அவருக்குத் தெரியும். கடையில் 'இந்தம்மாவுக்குப் பெரிய சைஸ் எடுப்பா' என்று உள்ளே பார்த்துக் கத்தியிருப்பார்கள், கல்யாண வீட்டில் உறவினர்கள் அவரை விட்டுவிட்டுத் தள்ளுகிற உங்களிடம் 'சாப்பிடுவாங்களா?' என்று கேட்டிருப்பார்கள். நீங்கள் செய்யக்கூடியது, அப்படிக் கேட்கும்போது பதில் சொல்லாமல் அவர் பக்கம் திரும்புவது. நாற்காலியின் நிறம், எங்கே போவது, எப்போது திரும்புவது எல்லாவற்றையும் அவரே சொல்லட்டும். முதலில் கூட்டமில்லாத நேரத்தில் கோயிலுக்கோ கடற்கரைச் சாலைக்கோ போய் வாருங்கள். தானே உருட்ட முடிகிறவர் என்றால் பின்னாலிருந்து தள்ளும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

மோட்டார் வைத்தது வாங்கினால் இந்தக் கஷ்டமெல்லாம் தீருமா?

தள்ளும் கஷ்டம் தீரும். தோளில் வலுவில்லாதவருக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அந்த எடைக்கான மோட்டார் நாற்காலிகள் நூறு கிலோவைத் தாண்டும், மடங்காது, காரில் ஏறாது. தரைத்தளத்தில் வீடு, வாசலில் சரியான சாய்தளம், நல்ல தெரு இருந்தால் யோசிக்கலாம். மாடியில் இருப்பவர்கள் அதற்கு முன் தரைத்தளத்துக்கு வீடு மாறுவதைப் பற்றி யோசிப்பது நல்லது. நாற்காலியோடு ஆளை நாலு பேர் தூக்கிப் படியில் இறக்குவதை இந்த எடையில் நினைத்தே பார்க்காதீர்கள்.

பட்டறையில் கொடுத்துப் பழைய வீல்சேரை அகலப்படுத்தித் தருகிறார்களாம்.

கேட்க ஆசையாக இருக்கும். கேட் செய்கிறவர் நல்ல வெல்டராக இருக்கலாம், ஆனால் மெல்லிய குழாயில் வெல்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் உலோகம் பலவீனமாகும், விரிசலும் அங்கேதான் விடும். கம்பெனி சொன்ன எடை வரம்பும் அந்த நிமிடமே செல்லாது. நாற்காலியில் விரிசல் வந்தாலும் இதே பதில்: வெல்டு வைக்காமல் அந்தப் பாகத்தை மாற்றுங்கள்.

பழைய நாற்காலி வாங்குவதில் தப்பில்லை. குறுக்குச் சட்டம் கூடும் நடு ஆணி, வெல்டு ஓரங்கள், இருக்கைத் துணியின் தையல், முன்சக்கரக் கவை இவற்றை வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்ட்டில் முடிபோல ஒரு கோடு தெரிந்தால் வேண்டாம். எடை ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால் விற்பவர் சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் குழாயின் உள்பக்கத் துருவையும் பாருங்கள்.

வாங்கிய பிறகு வாரம் ஒருமுறை பிரேக்கைச் சோதியுங்கள். காற்று டயர் என்றால் காற்று குறைந்ததுமே பிரேக்கின் பிடியும் தளரும், ஏனென்றால் பிரேக் கட்டை அழுத்துவது டயரைத்தான். இந்த எடைக்குக் காற்றில்லாத திட டயர் தொந்தரவு குறைவு.

அரசு உதவி கிடைக்குமா?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. உடல் பருமன் அதில் இல்லை. பக்கவாதம், மூட்டுச் செயலிழப்பு, கால் இழப்பு போன்றவற்றால் 40 சதவீத ஊனச் சான்று இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அப்படி விண்ணப்பிக்கும்போது எடையையும் இருக்கை அகலத்தையும் மருத்துவர் கையெழுத்தோடு எழுதி இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வழக்கமான அளவிலேயே ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள்.

நாற்காலியிலிருந்து கீழே விழுந்துவிட்டால்?

உடனே தூக்கப் போகாதீர்கள். தலையில் அடிபட்டதா, இடுப்போ காலோ வலிக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று கேளுங்கள். தலைக்கு ஒரு தலையணை கொடுங்கள். மல்லாந்து கிடந்தால் வயிற்றின் பாரம் நெஞ்சை அழுத்தி மூச்சு முட்டலாம். அடி எதுவும் இல்லை என்று தெரிந்தால் தலைப்பக்கத்தை உயர்த்தியோ ஒருக்களித்தோ படுக்கவையுங்கள். வலி இருந்தால் அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போதே எடையைச் சொல்லி, கூடுதல் ஆட்கள் வேண்டும் என்று சொல்லுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டால் இரண்டு பேர் மட்டும் வந்து நிற்பார்கள், இன்னொரு வண்டிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அடி எதுவும் இல்லை, அவருக்குக் கையிலும் காலிலும் வலு இருக்கிறது என்றால் அவராகவே புரண்டு, முட்டி போட்டு, பலமான ஒரு நாற்காலியைப் பிடித்து எழ நேரம் கொடுங்கள். வீல்சேரைப் பிடித்து எழவிடாதீர்கள், பிரேக் போட்டிருந்தாலும் நகரும். அதற்குள் மற்றவர்கள் கையைப் பிடித்து இழுக்காமல் இருந்தாலே பெரிய உதவி.